பதிலாள் ஓட்டிய படகு

கடைசல்காரர் வாரியத்துக்குப் போனது ஒரே ஒரு பொருளுக்காக. ஒற்றைக் கையால் இயக்கக்கூடிய ஒரு வீடியோ கேம் கன்ட்ரோலர். விண்ணப்பத்தில் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தார். அதுதான் அவர் செய்த முதல் தவறு. தனக்கு என்ன வேண்டும் என்று விண்ணப்பதாரர் எழுதப் படிவத்தில் இடமே கிடையாது. அவர் ஓரத்தில் எழுதியிருந்தார். ஓரம் அலுவலகத்துக்குச் சொந்தமானது.

இருபத்திரண்டு வருஷம் ஒரே பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்ற மனுஷன். சில மாதங்களுக்கு முன் கையுறை சிக்கி, வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிச்சம். சாப்பிடுவது, சட்டைப் பொத்தான் போடுவது, கையெழுத்து எல்லாம் இடது கைக்குப் பழகிவிட்டன. பழகாதது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி மட்டும்தான்.

அவருக்குப் பதினொரு வயதில் ஒரு மகள். அவளும் அவள் அம்மாவும் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் வேறு ஊரில் இருக்கிறார்கள். பிரிந்து மூன்று வருஷம் ஆகிறது. ஃபோன் செய்தால் மகள் பேசமாட்டாள். "சாப்பிட்டியா?" என்றால் "ம்." "ஸ்கூல் எப்படி?" என்றால் "ம்." மூன்றாவது "ம்"முக்கு ஃபோன் அம்மா கைக்குப் போய்விடும். ஆனால் ஞாயிறு பத்து மணிக்கு இருவரும் அவரவர் வீட்டில் டிவி முன் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒரே படகில் ஏறிவிட்டால் போதும், வாய் ஓயாது. டீச்சரைப் பற்றி, பக்கத்து பெஞ்சுக்காரியைப் பற்றி, எல்லாம் கொட்டுவாள். ஆற்றில் சரக்கு ஏற்றிப் போகும் விளையாட்டு அது. மகள் சுக்கான் பிடிப்பாள், அப்பா துடுப்புப் போடுவார். துணைக்கு வருகிறவர் நான்கு வாரம் வராவிட்டால், அந்தப் படகில் வேறு யாரையாவது விளையாட்டே சேர்த்துவிடும்.

விரல் போன விஷயம் மகளுக்குத் தெரியாது. பரீட்சை முடியட்டும், நேரில் பக்குவமாகச் சொல்லலாம் என்று அவரும் அவள் அம்மாவும் பேசி வைத்திருந்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். அதுவரை பழைய கன்ட்ரோலரை இடது கையில் பிடித்து, முழங்காலில் அழுத்தி, எப்படியோ துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். படகு வாரத்துக்கு ஏழெட்டு முறை கரையில் முட்டியது. "தூங்கி வழியிறியாப்பா?" என்று மகள் சிரிப்பாள். அவரும் ஆமாம் என்று சிரித்து வைப்பார்.

ஒற்றைக் கை கன்ட்ரோலர் கடையில் கிடைப்பதில்லை. கேட்ட கடைக்காரர்கள் எல்லோரும் வாரியத்தைத்தான் கைகாட்டினார்கள். விளையாடினால் காயம்பட்ட தொழிலாளியின் மனசு தேறும் என்று ஏதோ ஒரு டாக்டர் எழுதியதை யாரோ ஒரு மந்திரி படித்துவிட்டதால் பிறந்தது அந்த வாரியம். பணிக்காயமுற்றோர் இல்ல விளையாட்டுச் சாதனத் தேர்வு மற்றும் ஒதுக்கீட்டு வாரியம் என்பது முழுப்பெயர். பெயர்ப்பலகை மூன்று ஜன்னல்களை மறைத்துக்கொண்டிருந்ததால் உள்ளே பகலிலும் விளக்கு எரிந்தது.

தேர்வு அதிகாரி கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மாள்.

"என்ன விளையாடுவீங்க?" என்றார்.

"படகு ஓட்டுற விளையாட்டுங்க மேடம். நானும் என் பொண்ணும்..."

"பொண்ணுக்குத் தனி விண்ணப்பம் போடணும்."

"அவளுக்கு ஒண்ணும் வேணாம் மேடம். அவ கை நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஒத்தைக் கை கன்ட்ரோலர் ஒண்ணு..."

"கன்ட்ரோலர் ஆறாவது படி. நீங்க இன்னும் முதல் படிக்கே வரலையே."

வாரியத்தின் விதி எளிமையானது. உடம்பிலிருந்து எது தூரமோ அது முதலில், எது பக்கமோ அது கடைசியில். டிவி, ஸ்பீக்கர், நாற்காலி, ஹெட்செட் என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு சாதனத்தையும் முப்பது மணி நேரம் பயன்படுத்தியதற்குச் சான்று கிடைத்த பிறகே அடுத்தது. கையில் பிடிப்பது கடைசி.

"டிவி என்கிட்ட இருக்குங்களே," என்றார் கடைசல்காரர். "ஹெட்செட்டும் இருக்கு. கன்ட்ரோலர் மட்டும் குடுத்தீங்கன்னா..."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். "சார், கன்ட்ரோலரை முதல்லயே குடுத்தா என்ன ஆகும்? நீங்க பாட்டுக்கு வீட்டுக்குப் போய் விளையாட ஆரம்பிச்சுடுவீங்க. டிவி வேணாம், ஸ்பீக்கர் வேணாம்னுடுவீங்க. அப்புறம் ஒளிப் பிரிவு என்ன பண்ணும்? ஒலிப் பிரிவு என்ன பண்ணும்? நாற்காலிப் பிரிவுல மட்டும் பதினேழு பேர் இருக்காங்க. உங்க ஒருத்தர் அவசரத்துக்காக அவங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்ப முடியுமா?"

முடியாதுதான் என்று கடைசல்காரருக்கும் பட்டது. யார் வேலையும் போவதை அவர் விரும்பாதவர். அதனால் அடுத்து நீட்டிய தாளிலும் கையெழுத்துப் போட்டார். அது இரட்டைப் பயன்பாட்டுத் தடுப்பு உறுதிமொழி. மறுநாளே ஒரு வண்டி வந்து அவருடைய பழைய டிவி, ஹெட்செட், பழைய கன்ட்ரோலர் மூன்றையும் ரசீது கொடுத்து ஏற்றிக்கொண்டு போனது. முழங்காலில் அழுத்தியாவது ஓடிக்கொண்டிருந்த படகு அன்றோடு நின்றது.

முதலில் வருவது டிவியா, டிவிக்குப் பின்னால் ஒட்டுகிற வண்ண விளக்குப் பட்டையா என்பதில் வாரியத்துக்குள் கருத்து வேறுபாடு. ஒளிப் பிரிவு துணைக்குழு போட்டது. துணைக்குழு ஸ்கேலோடு உட்கார்ந்து ஆராய்ந்து, விளக்குப் பட்டை டிவியைவிட இரண்டு அங்குலம் தூரத்தில் இருப்பதால் அதுவே முதல் படி என்று அறிக்கை கொடுத்தது. ஆகவே டிவி இல்லாத சுவரில் விளக்குப் பட்டையை ஒட்டிவிட்டுப் போனார்கள். கடைசல்காரர் நாற்காலி போட்டு, நீலமும் ஊதாவுமாக மாறும் வெறும் சுவரை முப்பது மணி நேரம் பார்த்தார். கண் வலிக்கிறதா என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. வலிக்கிறது என்று எழுதினார். சாதனம் வேலை செய்கிறது என்று அதற்குச் சான்று கொடுத்தார்கள்.

அதற்குள் மூன்று ஞாயிறு போய்விட்டது. மகளிடம் ஃபோனில் டிவி ரிப்பேர் என்று சொல்லிவைத்தார். "ம்," என்றாள்.

டிவி வந்தது. அவர் அறை பத்தடி நீளம். வாரியத்தின் அட்டவணையில் இருந்த மிகச்சிறிய திரையே பதினாலு அடி தூரத்திலிருந்து பார்க்க வேண்டியது. சரியான பார்வைத் தூரத்துக்கு அவர் சமையலறையில், கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று அளந்து, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டார்கள்.

"முப்பது மணி நேரம் இதுல விளையாடணும்," என்றார் அதிகாரி.

"எதை வச்சு மேடம்? கன்ட்ரோலர் இல்லையே."

அதிகாரி முகத்தில் முதல்முறையாக ஒரு பெருமிதம் தெரிந்தது. "அதுக்குத்தானே பதிலாள் இருக்கார்."

பதிலாள் சனிக்கிழமை வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் அரக்கு முத்திரை வைத்த பெட்டி, அதற்குள் அலுவலகக் கன்ட்ரோலர். கன்ட்ரோலர் இல்லாத பயனாளிகளுக்குப் பதிலாக விளையாடி மணிக்கணக்கை நிரப்புவது அவர் வேலை. முன்பு பிறப்பு இறப்புப் பதிவில் இருந்தாராம். "அதைவிட இது கொஞ்சம் கலகலப்புங்க," என்றார். சாதுவான மனுஷன். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்துத்தான் விடுவார்.

அன்றைக்கே ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு, மறுநாளும் வருவதாகச் சொன்னார். மறுநாள் நான்காவது ஞாயிறு. கடைசல்காரருக்கு இரவெல்லாம் யோசனை. படகில் அவர் இடத்தில் இன்னொருவர் உட்காருவதா? உட்காராவிட்டால் மகள் படகில் முகம் தெரியாத யாரோ ஏறிவிடுவார்கள். முகம் தெரிந்த அந்நியன் பரவாயில்லை என்று முடிவு செய்தார்.

"சார், நாளைக்குப் பத்து மணிக்கு என் பேர்ல விளையாடுறீங்களா? சுக்கான் பொண்ணு பிடிப்பா. நீங்க துடுப்பு மட்டும் போட்டா போதும்."

"பத்திலருந்து பன்னெண்டு வரைக்கும் தாராளமா. ஞாயித்துக்கிழமைக்கு எனக்குத் தனியா பேட்டா உண்டு."

மகளுக்கு ஃபோன் செய்து, "மைக் கெட்டுப்போச்சும்மா, அப்பா பேச முடியாது, ஆனா வந்துடுவேன்," என்றார்.

பதிலாள் அருமையாக ஓட்டினார். படகு ஒரு முறைகூடக் கரையில் முட்டவில்லை. மஞ்சள் தொப்பி போட்ட மகள் பொம்மை குதித்தது. சமையலறை வட்டத்துக்குள் உட்கார்ந்து கடைசல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படத்தான் நினைத்தார், வரவில்லை. சாயங்காலம் மகளே ஃபோன் செய்தாள். மூன்று வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "அப்பா, சூப்பரா ஓட்டுற. எப்ப கத்துக்கிட்ட?" என்றாள். அவர்தான் இந்த முறை "ம்" என்றார்.

ஸ்பீக்கர்கள் வந்தன. ஐந்தும், கூடவே தொட்டி அளவுக்கு ஒரு சப்வூஃபரும். சப்வூஃபர் நிற்க வேண்டிய மூலையில், லீவுக்கு வந்தால் மகள் படுத்துக்கொள்ளும் சின்னக் கட்டில் இருந்தது. கட்டிலை எடுத்து மாடிப்படிக்கு அடியில் சாத்தினார்கள். துடுப்பு தண்ணீரில் விழும் சத்தத்தில் மேல்வீட்டு ஜன்னல் அதிர்ந்தது. நாற்காலி வந்தது, வாசலுக்குள் நுழையாததால் கதவுச் சட்டத்தைப் பெயர்த்தார்கள். அதைத் திரும்பப் பொருத்துவது வேறு வாரியம். கதவு சுவரோரம் சாய்ந்து நின்றது. அவர் அதைத் தூக்கி மறித்துவைத்துப் படுக்கப் பழகினார். நாற்காலியில் பதிலாள்தான் உட்கார்ந்தார். முப்பது மணி நேரமும் அவர் முதுகுக்குத்தான் சான்று.

பிறகு ஹெட்செட் வந்தது. கடைசல்காரர் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கக் கையை நீட்டினார். பதிலாள் ஒரு அடி பின்வாங்கினார்.

"தொட்டுடாதீங்க சார். சான்று ஆகுற வரைக்கும் பயனாளி தொட்டா, படி ஒண்ணுலருந்து மறுபடியும் ஆரம்பிக்கணும்."

"பொண்ணு குரலை மட்டும் கேட்டுட்டுக் குடுத்துடுறேன்."

"எனக்குப் புரியுதுங்க. விதிக்குப் புரியாதே."

வாரிய விதிப்படி பதிலாள் ஹெட்செட்டில் கேட்கலாம், பேசக்கூடாது. இன்னொருவர் பெயரில் பேசினால் ஆள்மாறாட்டம். துடுப்புப் போடுவது ஆள்மாறாட்டம் ஆகாது. அந்த விளையாட்டில் பேச்சு ஸ்பீக்கரில் வராது, ஹெட்செட்டில் மட்டும்தான் வரும். ஆகவே ஞாயிறு பத்து மணிக்கு, அப்பாவின் காதுக்கு என்று மகள் சொன்னதெல்லாம் பதிலாளின் காதுக்குப் போயிற்று. கடைசல்காரர் திரையைப் பார்க்கவில்லை. பதிலாளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் சிரித்தது. பிறகு தலையாட்டியது. பதினொன்றரை வாக்கில் துடுப்பு நின்றது. பதிலாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"என்ன சொல்றா?"

"பயன்பாட்டு நேரத்துல காதுல விழுந்ததை வெளியில சொல்லக்கூடாதுங்க. ரகசியக் காப்பு."

"அழுதாளா?"

பதிலாள் படிவத்தை எடுத்துக் கடைசல்காரர் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஒலித்தெளிவு: மிக நன்று" என்று எழுதியிருந்தது. "இதுக்கு மேல நான் எழுத முடியாதுங்க," என்றார்.

கடைசல்காரருக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. மூன்று விரல் போன அன்றுகூட அவருக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. ஆனால் அடித்தால் படி ஒன்று. உடனே மகளுக்கு ஃபோன் செய்தார். "என்னம்மா ஆச்சு?" என்றார். "ஒண்ணுமில்ல," என்று வைத்துவிட்டாள். அம்மாவிடம் கேட்டார். "எனக்கென்ன தெரியும்? உங்ககிட்டதானே ரெண்டு மணி நேரம் பேசினா," என்றாள் அவள்.

மீதி மணி நேரங்களைப் பதிலாள் கிழமை நாட்களில் தனியாக ஓட்டி முடித்தார். அதற்கடுத்த சனிக்கிழமை கன்ட்ரோலரே வந்தது. அவர் கேட்ட ஒற்றைக் கை ரகம் இல்லை; மேஜையில் வைத்து, இடது கையின் ஐந்து விரலாலும் வலது கையில் மிச்சமிருக்கும் இரண்டாலும் இயக்கும் அகலமான பலகை. அதை ஒப்படைக்க வாரியத் தலைவரே நேரில் வந்தார். கதவுச் சட்டம் இல்லாத வாசலில் நாடா கட்டி வெட்டினார்கள். தலைவர் விளையாட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசினார்.

"இந்தப் பயனாளி நம்மகிட்ட வந்தப்போ அவர்கிட்ட என்ன இருந்துச்சு? ஒரு பழைய டிவி, ஒரு பழைய ஹெட்செட், ஒரு மகள். அவ்வளவுதான். இன்னிக்குப் பாருங்க. அஞ்சு ஸ்பீக்கர். பதினாலு அடித் திரை. சுவத்துல கலர் கலரா விளக்கு. மகளோட பேசணும்னுதான் விண்ணப்பிச்சாராம். பேசுறதை யார் வேணா குடுக்கலாம், ஒரு ஃபோன் போதும். நாம குடுத்தது தரம். அதை விளையாடுறதும் விளையாடாததும் பயனாளியோட சொந்த விஷயம். நாம தலையிடுறதில்ல."

பதிவு செய்து கொண்டுவந்திருந்த கைதட்டல் ஐந்து ஸ்பீக்கரிலும் கேட்டது. பதினாலு அடி என்பது திரை இல்லை, பார்வைத் தூரம் என்று தேர்வு அதிகாரி மெதுவாகத் திருத்தினார். தலைவர் அதற்கும் தலையாட்டினார்.

அவர்கள் போனதும் கடைசல்காரர் சாயங்காலம் வரை தனியாகப் பயிற்சி செய்தார். படகு முட்டியது, சுற்றியது, இரண்டு தடவை கவிழ்ந்தது. கன்ட்ரோலருக்குள் இருந்த கணக்குக் கருவி எல்லாவற்றையும் உடனுக்குடன் வாரியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை அவர் அறியவில்லை. ஏழு மணிக்குச் செல்ஃபோனில் அறிவிப்பு வந்தது.

"சாதனப் படி ஐந்து வரை பயனாளியின் திறன் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு. படி ஆறு வழங்கப்பட்ட பின் பதினொன்று. கன்ட்ரோலரே பயனாளிக்குத் தீங்கு விளைவிப்பதாக இதனால் தீர்மானிக்கப்படுகிறது. ஞாயிறு காலை அது திரும்பப் பெறப்படும். பதிலாள் சேவை நிரந்தரமாக்கப்படுகிறது. வாழ்த்துகள்."

அவர் அதை மூன்று முறை படித்தார். கடைசி வார்த்தையை நான்கு முறை. பிறகு கதவைத் தூக்கி வாசலை மறித்து, உள்ளே இரும்புக் குழாய் ஒன்றை முட்டுக் கொடுத்தார். பட்டறைக்காரர் முட்டுக் கொடுத்தால் அது நிற்கும்.

ஞாயிறு பத்து மணிக்கு ஹெட்செட்டை மாட்டினார். மகள் ஏற்கெனவே படகில் இருந்தாள்.

"பாப்பா," என்றார்.

"மைக் சரியாயிடுச்சா?" குரலில் உற்சாகமே இல்லை. "அப்ப இப்பவாவது சொல்லு. போன வாரம் கேட்டேன்ல."

அவர் கன்ட்ரோலரைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஒரு பதில்கூடச் சொல்லல நீ. மைக் கெட்டுப்போச்சு, சரி. கையை ஆட்டலாம்ல? அதுக்கு ஒரு பட்டன் இருக்குல்ல? படகுல மரம் மாதிரி உக்காந்திருந்த. வேணாம்னா வேணாம்னு தலையாட்டியிருக்கலாம்ல."

"பாப்பா, நீ கேட்டது எனக்குத் தெரியாதும்மா."

"கேக்கலையா?"

"அது நான் இல்ல. ஆறேழு வாரமா படகுல இருந்தது நான் இல்ல. ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்து எனக்குப் பதிலா விளையாடினார்." பிறகு நிறுத்த முடியவில்லை. பட்டறை, கையுறை, மூன்று விரல், பழைய கன்ட்ரோலரை அள்ளிக்கொண்டு போன வண்டி, எல்லாவற்றையும் சொன்னார். பக்குவமாகச் சொல்லவில்லை. கோர்வையாகக்கூடச் சொல்லவில்லை.

படகு யாரும் பிடிக்காமல் போய்க் கரையில் முட்டியது. சப்வூஃபர் அறையையே ஒரு உலுக்கு உலுக்கியது.

"அந்த ஆள் நான் அழுததெல்லாம் கேட்டாரா?"

"கேட்டார்மா."

"நீ கேக்கலையா?"

"என்னைக் கேக்க விடலைம்மா. நானும் சும்மா உக்காந்திருந்தேன். அதுதான் என் தப்பு."

"வலிக்குதா?" என்றாள்.

"இப்ப இல்ல."

வாசல் மணி அடித்தது. பிறகு கதவைத் தட்டினார்கள். "சார், நான்தான் சார், பதிலாள். சூப்பர்வைசரும் வந்திருக்கார். கன்ட்ரோலரை ஒப்படைச்சுடுங்க," என்று குரல் கேட்டது. இரும்புக் குழாய் அசையவில்லை.

"யாருப்பா அது?"

"ஆபீஸ்காரங்க."

"போய்த் திறக்கலையா?"

"கை ஒழியலைம்மா. நீ போன வாரம் கேட்டதை இன்னொரு தடவை கேளு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பரீட்சை முடிஞ்சதும் அங்கயே வந்து உன்கூட இருக்கட்டுமான்னு கேட்டேன். அம்மாகிட்ட நீதான் பேசணும். வரட்டுமா?"

அவருக்குக் குரல் வரவில்லை. வருகிற வரை காத்திருக்கவும் பயமாக இருந்தது. போன வாரமும் அவள் இப்படித்தான் காத்திருந்திருப்பாள். கையாட்டும் பொத்தானைத் தேடினார். சுண்டுவிரலால் ஒன்றை அழுத்தினார்; நீலச் சட்டை போட்ட அவர் பொம்மை படகில் படுத்துக்கொண்டது. இன்னொன்றை அழுத்தினார், அது தண்ணீரில் குதித்தது. அவள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். பொம்மை நனைந்துகொண்டு மேலே ஏறியது. மூன்றாவது பொத்தானில் அதன் கை உயர்ந்தது. வெளியே மணி அடித்துக்கொண்டே இருக்க, அவர் அந்தப் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.